ஹவானாவின் தெரு வலையமைப்பு

ஸ்நெட் என்பது கியூபாவின் தலைநகரான ஹவானாவில் இளைஞர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட கணினி வலையமைப்பு ஆகும். 'தெரு வலையமைப்பு' என்பது இப்பெயரின் பொருள். 2000களின் தொடக்கத்தில், சேர்ந்து விளையாட விரும்பிய அக்கம்பக்கத்தார் சிலர் தங்கள் கணினிகளைக் கம்பிவடத்தால் இணைத்தனர். அதுவே பின்னர் நகரெங்கும் பரவியது.

அக்காலத்தில் கியூபாவின் சாதாரணக் குடும்பங்களுக்கு வீட்டில் இணைய வசதி கிடையாது. 2013இல் அரசு திறந்த இணைய நிலையங்களில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ நான்கரை டாலர் கட்டணம். சராசரி மாத ஊதியமோ 20 டாலர் அளவில்தான் இருந்தது. இந்நிலையில் வெளிநாட்டுச் சர்வரில் போய் விளையாடுவது எப்படி? எனவே சர்வரையே ஊருக்குள் வைத்துக்கொண்டார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், டோட்டா, கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவை வீட்டுக் கணினிகளிலிருந்தே பல்லாயிரம் பேருக்கு வழங்கப்பட்டன. இதற்கு விளையாட்டு நிறுவனங்களின் உரிமம் எதுவும் பெறப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்கு வீடு வடமும், பேட்டைக்குப் பேட்டை மொட்டைமாடி ஆண்டெனாவும் இணைப்பைத் தந்தன. பெரிய மையங்கள் 'தூண்கள்' எனப்பட்டன. பராமரிப்புச் செலவுக்கு உறுப்பினர்கள் சிறு தொகை கொடுத்தனர். அரசியல், மதம், ஆபாசம் ஆகிய மூன்றுக்கும் இடமில்லை. இணையத்துடன் இணைக்கவும் கூடாது. விதியை மீறியவரின் இணைப்பு நிறுத்தப்பட்டது. அரசின் கண்ணை உறுத்தாமல் இருக்கத் தாங்களே போட்டுக்கொண்ட வேலி இது எனலாம்.

இத்தனை எச்சரிக்கையும் போதவில்லை. 2019 ஜூலை 29 அன்று 98, 99 என்ற எண்களுடைய தீர்மானங்கள் நடைமுறைக்கு வந்தன. தனியார் கம்பியில்லா இணைப்புக்குச் சட்டம் முதன்முதலாக இடமளித்தது இப்போதுதான். ஆனால் ஒலிபரப்பித் திறனுக்கு 100 மில்லிவாட் வரம்பு விதிக்கப்பட்டது; தெருவைக் கடந்து வடம் இழுப்பதும் தடுக்கப்பட்டது. வீட்டுக்குள் பயன்படுத்த இது போதும். நகரின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கப் போதாது. ஆகஸ்டில் ஸ்நெட் பயனர்கள் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் முன் கூடி முறையிட்டனர். பேச்சுவார்த்தையின் முடிவில், 1987 முதல் இயங்கிவரும் 'ஹோவன் கிளப்' என்னும் அரசுக் கணினி மன்றங்களின் கட்டமைப்புக்கு ஸ்நெட் சேவைகளை மாற்ற ஏற்பாடானது. விளையாட்டுகளுக்கு இடம் கிடைத்தது. சர்வரும் அதன் விதிகளும் ஆடுவோர் கையிலிருந்து போயின.