விடுபட்ட இடத்துப் புள்ளிகள்

புறநானூற்றை வரிசையாகப் படித்துச் செல்லும் மாணவர், 266ஆம் பாட்டைக் கடந்ததும் சற்றே திகைப்பர். அடுத்துப் பாட்டாக அச்சில் நிற்பது 269. இடையிலுள்ள இரண்டும் கிடைக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் சில பாட்டுகளில், சொற்கள் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. தேர்வுக்காகப் படிப்போர் அவற்றைப் பொருட்படுத்தாது தாண்டிச் செல்வதுண்டு. ஆயின் அப் புள்ளிகளும் அந்நூலின் வரலாற்றைச் சேர்ந்தவையே. அவற்றைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகின்றேன்.

புறநானூறு 1894ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையரால் முதன்முதல் அச்சிடப் பெற்றது. அதற்கு முன் அது வாழ்ந்த இடம் பனையோலை. ஓலையோ கரையானுக்கும் பூச்சிக்கும் இரையாவது. ஏட்டை எடுக்கும்போதே ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் ஓலை முறிவதையும் சி. வை. தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரை ஒன்றில் சொல்லி வருந்துகின்றார். முறிந்த துண்டோடு ஒரு புலவனின் சொல்லும் போயிற்று.

எஞ்சிய எழுத்தைப் படிப்பதும் எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியர் விதி. ஆனால் ஏடெழுதினோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்று போலவே இருக்கும். காற்புள்ளி முதலிய குறிகளோ ஐரோப்பிய வழக்கிலிருந்து அச்சோடு நம்மிடம் வந்தவை. ஆகவே பதிப்பாசிரியருக்குப் புள்ளியால் இருவகை வேலை நேர்ந்தது. எழுத்து இருந்து புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி வைத்துப் படிக்க வேண்டும்; எழுத்தே இல்லாத இடத்திலும் புள்ளி வைத்து அச்சிட வேண்டும்!

இந்த இரண்டாவது வேலையில்தான் பதிப்பாசிரியரின் நேர்மை சோதிக்கப்படுகின்றது. புறப்பாட்டுகள் பெரும்பாலும் அகவல். அகவலடிக்குச் சீர் நான்கு. நேரிசை அகவலாயின் ஈற்றயலடிக்கு மூன்று. எனவே ஓரடியில் இரண்டு சீர்களே எஞ்சியிருந்தால், அழிந்தவை இரண்டு என்று பெரும்பாலும் கணக்கிட்டுவிடலாம். மோனையும் எதுகையும் அழிந்த சொல்லின் முதலெழுத்தைக் கூடச் சில வேளைகளில் கோடிட்டுக் காட்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட ஐயருக்கு, இரண்டு சீர் இயற்றி அவ்விடத்தில் வைப்பது அரிய செயலா? வைத்திருந்தால் ஓசை நிரம்பியிருக்கும். படிப்போருக்கும் தடை இராது. அவர் அவ்வாறு செய்யவில்லை. பல ஏடுகளை ஒப்பு நோக்கினார். பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினார். எந்த ஏட்டிலும் சொல் கிடைக்காத இடத்தில் புள்ளியிட்டு நிறுத்தினார்.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. சங்ககால மன்னரைப் பற்றி அறிய நமக்குள்ள முதன்மையான சான்றுகளுள் புறநானூறு ஒன்று. அழிந்த சீர் ஒரு மன்னன் பெயராக இருக்கலாம். ஒரு மலையின் பெயராகவும் இருக்கலாம். அங்கே ஓசைக்குப் பொருந்திய ஒரு பெயரைப் புகுத்தியிருந்தால், அப் பெயரை நம்பி ஒரு போரும் ஒரு மரபு வழியும் வரலாற்று நூல்களில் ஏறியிருக்கும். பழைய உரையும் 266ஆம் பாட்டு வரையே கிடைத்திருத்தலின், அதன் பின்னர் வரும் பாட்டுகளில் பொய்யைப் பிரித்தறிய வழியே இராது.

பதிற்றுப்பத்தின் நிலையும் இதுவே. முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எட்டுப் பத்துகளே உள்ளன. தொல்காப்பிய உரையிலும் புறத்திரட்டிலும் காணும் சில பாட்டுகள் இழந்த பத்துகளைச் சேர்ந்தவையாகலாம் என்று கருதுவர். அவற்றை இடம் அறியாமல் இடையே செருகாமல் தனியே காட்டுவதே பதிப்பாளர் வழக்கம்.

கல்வெட்டுகளை அச்சிடுவோரும் இம்முறையைக் கைக்கொண்டனர். சிதைந்து ஐயத்துக்கு இடமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவர். அறவே அழிந்த இடத்தில் புள்ளி இடுவர். கோயிலுக்கு விடப்பட்ட நிலம் இத்தனை வேலி என்னுமிடத்தில் எண் உதிர்ந்து போயிருந்தால், அதை ஊகத்தால் நிரப்புவது கொடையையே மாற்றுவதாகும்.

மாணவர்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது நிலைமை சிறிது வேறு. அங்கே சொல்லைக் கரையான் அரிக்கவில்லை, நாமே விடுகின்றோம். இடையில் விட்டதற்கு மூன்று புள்ளிகள் போதும். ஒரு வரி முழுதும் இட்டு நிரப்ப வேண்டா. ஆனால் எதை விடுகின்றோம் என்பதில் கருத்து வேண்டும். ‘மன்னன் வரியை நீக்கினான் என்பதற்குச் சான்று இல்லை’ என்று ஓர் ஆசிரியர் எழுதியிருக்க, ‘மன்னன் வரியை நீக்கினான்...’ என்று எடுத்துக் காட்டினால் புள்ளி சரியாகத்தான் இருக்கும், செய்தியோ தலைகீழாகிவிடும். கதைகளில் பாத்திரம் தயங்கும் இடமெல்லாம் புள்ளி தூவும் வழக்கம் வேறொன்று. அது அளவோடு நின்றால் நன்று.

மீண்டும் புறநானூற்றுக்கு வருவோம். 269ஐ 267 என்று மாற்றி எண்ணியிருந்தால் இடைவெளி கண்ணுக்குப் படாமலே போயிருக்கும். இறுதிப் பாட்டு 398 என்று முடிந்திருக்கும். ஐயர் எண்ணை மாற்றவில்லை. இன்று வெளிவரும் பதிப்புகளிலும் அவ்விரண்டு எண்களும் பாட்டின்றியே நிற்கின்றன.