வைரங்களுக்கு நடுவே ஓர் இரும்புத் துணுக்கு

திறந்த வெளியில் இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும். பூமியின் திடமான உட்கருவம் தொடங்கும் 5150 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றழுத்தத்தைப் போல் 33 லட்சம் மடங்கு அழுத்தம். அங்கே எத்தனை டிகிரியில் உருகும்? அதைச் சொல்ல, பிரான்சின் கிரனோபிள் நகரில் செறிவான எக்ஸ் கதிர் தரும் சின்க்ரோட்ரான் நிலையத்துக்கு வந்தது சில மைக்ரான் தடிமனே உள்ள ஓர் இரும்புத் துணுக்கு.

இரண்டு வைர முனைகளுக்கு நடுவே, உலோகத் தகட்டில் துளைத்த நுண்குழியில், மேலும் கீழும் பொட்டாசியம் குளோரைடு உப்பு பரப்பி அந்தத் துணுக்கை வைத்தார்கள். அந்த உப்பு இல்லாமல் வேலை நடக்காது. வைரம் சூட்டை வெகுவேகமாகக் கடத்தும். அதைத் தொட்டிருக்கும் இரும்பைச் சூடேற்றுவது பெரும்பாடு. போதாததற்கு வைரம் முழுக்கக் கரிமம். அது கொஞ்சம் இரும்புக்குள் கசிந்தாலும் உருகுநிலை இறங்கிவிடும், அளந்தது இரும்பையே அல்ல என்றாகிவிடும்.

வைரங்கள் நெருக்க, இரும்பின் அணுக்கள் அறுகோண அடுக்குக்கு மாறின. பிறகு இருபுறமிருந்தும் லேசர். துணுக்கு தகதகத்தது, அந்த ஒளியின் நிறமாலையிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டார்கள்.

உருகிவிட்டது என்று எதைக் கண்டு சொல்வது? சர்ச்சை முழுக்க இதில்தான். 1993இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ரைன்ஹார்ட் போலர், சூடான இரும்பின் மேற்பரப்பு அசையத் தொடங்குவதை உருகலின் அடையாளமாகக் கொண்டார். அவருக்குக் கிடைத்த வெப்பநிலை, இரும்பை அதிர்ச்சி அலையால் நொடிப்பொழுதில் நெருக்கிச் சூடேற்றும் சோதனைகள் காட்டியதைவிட மிகக் குறைவு. கிரனோபிளில் சிமோனே அன்செலினி, ஆனியெஸ் தெவால் குழுவினர் எக்ஸ் கதிரை நம்பினார்கள். அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் கதிர் கூர்மையான புள்ளிகளாகச் சிதறும். திரவமானால் மங்கலான வளையம் விழும். போலர் குறித்த வெப்பநிலைகளை ஒட்டி வளையம் விழவில்லை. புள்ளிகள்தான் இடம் மாறிக்கொண்டிருந்தன: இரும்பு திடமாகவே இருந்தது, அதன் படிகங்கள் மட்டும் வேகவேகமாக உருமாறிக்கொண்டிருந்தன. போலர் பார்த்த அசைவு பொய்யல்ல. அது உருகல் அல்ல, அவ்வளவே. கண்ணால் அதைப் பிரித்தறிய வழியே இல்லை என்பதால் அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2013இல் முடிவு வெளியானது. 22 லட்சம் மடங்கு அழுத்தத்தில் 4800 டிகிரி வரை அளந்து, உருகுநிலைக் கோட்டை அதற்கு அப்பாலும் நீட்டி, உட்கருவ எல்லையில் சுமார் 6000 டிகிரி என்றார்கள். 500 கூடலாம், குறையலாம். இது தூய இரும்பின் கணக்கு. கருவத்திலோ நிக்கலும் இலேசான தனிமங்களும் கலந்திருக்கின்றன. அந்தக் கலவைகளையும் இதே வைரங்களுக்கு நடுவே உருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.