மணியடித்து நின்ற அழைப்பு

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பாகக் கொள்ளப்படுகிறது. அழைப்பை ஏற்பவரும் நிமிடக் கணக்கில் பணம் செலுத்த வேண்டியிருந்ததால், கருவி வைத்திருந்தவர்களே எடுத்துப் பேசத் தயங்கினர். 2003இல், அழைப்பவரே முழுச் செலவையும் ஏற்கும் முறை வந்தபின் உள்வரும் அழைப்பு இலவசமாயிற்று. இம்மாற்றத்தின் நிழலில் தழைத்ததே 'மிஸ்டு கால்', அதாவது ஏற்கப்படாத அழைப்புக்குக் கட்டணமில்லை என்பதைப் பயன்படுத்தி, மணி ஒலித்தவுடன் துண்டித்துச் செலவை மறுமுனைக்குத் தள்ளும் வழக்கம். 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்ற செய்தி முதல் 'நீயே கூப்பிடு' என்ற கோரிக்கை வரை அனைத்தையும் காசில்லாமல் சுமந்த அவ்வொலி, கொள்கை வகுத்தோரின் கணக்கில் இல்லாத மக்கள் கண்டுபிடிப்பு எனலாம். 2016இல் ஜியோ நிறுவனம் குரல் அழைப்புக்குத் தனிக் கட்டணமின்றிச் சேவையைத் தொடங்கியபின் மிஸ்டு காலின் தேவை அருகியது.