ஒலிப்பேழையும் வீட்டு மூலையும்

வீணைக்குக் குடம் உண்டு. தம்புராவுக்குச் சுரைக்குடுக்கை உண்டு. மிருதங்கத்துக்குப் பலாமரக் கூடு உண்டு. நரம்பும் தோலும் எழுப்பும் மெல்லொலியைத் தாமும் உடன் அதிர்ந்து வளர்த்துக் கொடுப்பது இக்கூடுகளின் தொழிலாகும். வானொலியிலும் இசைத்தட்டுக் கருவியிலும் நின்று ஒலி தரும் ஒலிபெருக்கிக்கும் மரத்தாலான பேழை ஒன்று உண்டு. தோற்றத்தில் இவை ஒன்றுபோலக் காணப்படினும் தொழிலில் நேரெதிரானவை. வீணையின் குடம் பாட வேண்டும். ஒலிபெருக்கியின் பேழை பாடலாகாது. நாதசுரமும் வயலினும் மனிதக் குரலும் மாறிமாறி அதன் வாயிலாக வருகின்றன. அது தன் குரலையும் சேர்த்துக் கலக்குமாயின் வந்த குரல் யாவும் கெடும். இவ்வாறு வாய்பேசாதிருக்கும் ஒரு பெட்டியைச் செய்யக் கற்றுக்கொள்வதற்கு விஞ்ஞானிகளும், தச்சர்களும், வீட்டிலிருந்தே முயன்ற ஆர்வலர்களும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உழைத்தனர். அவர்கள் எல்லோரையும் எதிர்நின்று தடுத்த இடையூறு ஒன்றே. அது வீட்டில் இடமின்மை.

இன்று நாம் காணும் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு வழிகாட்டியவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர். காந்தத்தின் இடையே தொங்கும் ஒரு கம்பிச் சுருள், தன்னோடு பிணைத்த காகிதக் கூம்பை முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்பும் முறையை விளக்கி அவர்கள் 1925 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதற்கு முன் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் தொலைபேசிச் செவிக்கருவியின் மேல் ஊதுகொம்பு பொருத்திய அமைப்புகளே. புதிய கூம்பு அவற்றினும் இனிமையாக ஒலித்தது. ஆனால் அது ஒரு புதிய சிக்கலையும் உடன் கொண்டுவந்தது.

கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. முன்னே நெருங்கிய காற்று கூம்பின் விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடித் தளர்ச்சியை நிரப்பிவிடுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, காதுக்கு எட்டுவது ஒன்றுமில்லை. உச்ச சுரங்களுக்கு இக்கேடு அதிகம் நேர்வதில்லை. அவற்றின் அலை குறுகியது. மந்தர சுரங்களே பெரிதும் அழிந்துபோகின்றன. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 1,120 அடி செல்லும். ஆகவே செக்கனுக்கு 50 அதிர்வு கொண்ட மந்தர ஒலியின் அலைநீளம் 22 அடிக்கு மேலாகும். முன்காற்றும் பின்காற்றும் கலவாதபடி ஒரு பலகையில் துளையிட்டு ஒலிபெருக்கியைப் பொருத்துவதாயின், அந்தப் பலகை அலைநீளத்தின் பாதியளவேனும் அகன்றிருத்தல் வேண்டும். பதினோரடிப் பலகையை எந்த வீட்டின் இருக்கையறையில் நிறுத்துவது?

பலகைக்கு இடமில்லாதவர்கள் சுவரையே பலகையாக்கினர். இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட சுவரில் துளையிட்டு ஒலிபெருக்கியைப் பொருத்தினால் முன்னொலி ஓர் அறைக்கும் பின்னொலி மற்ற அறைக்கும் போகும், இரண்டும் சந்திப்பதில்லை. இங்கிலாந்தில் மாடிப்படியின் கீழுள்ள சிறிய அலுமாரியறையின் கதவைத் துளைத்தவர்களும் உண்டு. பௌதிக முறைப்படி இதனிலும் சிறந்த வழி காண்பது அரிது. ஆயினும் வாடகை வீட்டில் குடியிருப்பவன் சுவரைத் துளைக்க இயலுமா? சொந்த வீடேயாயினும் இல்லத்தரசி அதற்கு இசைவாளா? எனவே பெட்டியொன்று செய்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

இடமின்மைக்கு முதன்முதலிற் கிடைத்த நுட்பமான விடை, அறையின் மூலையிலேயே இருந்தது. ஊதுகொம்பு ஒலியை மிகச் சிக்கனமாக வெளியேற்றும் கருவி; ஆனால் 50 அதிர்வு கொண்ட ஒலியை ஏற்கும் கொம்பின் வாய் ஏழடி விட்டமுடையதாய் இருத்தல் வேண்டும். அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் கூடி இயல்பாகவே ஒரு கொம்பின் வடிவில் விரிகின்றன. அங்கே வைத்த கொம்புக்கு வெளியில் வேண்டிய வாய்ப்பரப்பில் எட்டிலொரு பங்கு போதும்; எஞ்சியதைச் சுவர்களே செய்துவிடும். இலண்டனில் போல் வொயிட் என்பவர் 1934 இல் வீட்டுக்கென ஒரு மூலைக்கொம்பை அமைத்தார். அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் ஹோப் என்னும் சிற்றூரில் வாழ்ந்த போல் கிளிப்ஷ், கொம்பைப் பெட்டிக்குள்ளேயே மடித்து மடித்து வைக்கும் முறையை வகுத்து, 1946 இல் அதனை விற்பனைக்குச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். மடித்தும் அது ஏறத்தாழ நான்கடி உயரம் இருந்தது. அன்றியும் அதற்கு வெறுமையான ஒரு மூலை வேண்டும். கதவோ சன்னலோ இல்லாத மூலை எல்லா அறைகளிலும் வாய்ப்பதில்லை.

இரண்டாவது விடை நம்மவருக்கு அந்நியமானதன்று. நம்முடைய கிராமங்களில் இளைஞர்கள் மண்பானையின் வாயில் ஒலிபெருக்கியைப் பொருத்திப் பாட்டுக் கேட்டதுண்டு. பானை வைத்தவுடன் மந்தர ஒலி பெருகித் தோன்றும். கழுத்துக் குறுகிய கலம் எதற்கும் தனக்கென ஒரு சுரம் உண்டு என்பதையும், அச்சுரம் கலத்தின் கொள்ளளவையும் வாயின் அளவையும் பொறுத்தது என்பதையும் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அல்பேட் துராஸ் இவ்வுண்மையைப் பேழைக்குப் பயன்படுத்தி 1932 இல் காப்புரிமை பெற்றார். பேழையின் முகத்தில் ஒலிபெருக்கிக்கு அருகே மற்றுமொரு துவாரம் இடப்பட்டது. வீணே அடைபட்டுக் கிடந்த பின்னொலி, குறித்த ஒரு தாழ்ந்த மீடிறனில் அத்துவாரத்தின் வழியாகத் திரும்பி வந்து முன்னொலிக்குத் துணைநின்றது.

இங்கேதான் ஓர் ஆபத்தும் இருந்தது. பானைக்கு ஒரு சுரமே தெரியும். துவாரத்தின் அளவு சற்றுப் பிழைத்தால் பேழையும் பானையாகிவிடும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே ஒரு சுரத்தில் 'தொம், தொம்' என முழங்கும். துவாரம் எவ்வளவு அகலமிருக்க வேண்டும், பேழை எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லவல்ல கணக்கு அன்று எவரிடமும் இருக்கவில்லை. செய்து பார், கேட்டுப் பார், பிழைத்தால் மரத்தை வீசிவிட்டு மறுபடி செய் என்பதே முறையாயிருந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இம்முயற்சி வீடுகளிற் பரவியது. 1947 இல் வில்லியம்சன் என்னும் பொறியியலாளர் நல்லதோர் அம்பிளிபயரின் அமைப்பை 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் வெளியிட்டார். ஆர்வலர்கள் பலர் அதனைத் தாமே செய்துகொண்டனர். 1948 இல் நீண்டநேர இசைத்தட்டு வந்தது. நல்ல தட்டும் நல்ல அம்பிளிபயரும் கைக்கு எட்டியபின் குறையாய் நின்றது பேழையொன்றே. அதனைச் செய்வதற்கு வேண்டியவை வாளும், திருகாணியும், பசையும், முக்கால் அங்குல ஒட்டுப்பலகையும், பொறுமையும். ஒட்டுப்பலகை வளைந்துகொடாதபடி உட்புறம் குறுக்குச் சட்டம் அடித்தல் வேண்டும். மூட்டுகளிற் காற்றுக் கசியலாகாது. உள்ளே கம்பளியோ கண்ணாடிப் பஞ்சோ இட்டு எதிரொலியை அடக்குதல் வேண்டும். பெட்டி சரிசதுரக் கனமாய் இருத்தலும் தவறு. உள்ளளவு மூன்று புறமும் ஓரடியாயின், மூன்று திசைகளிலும் எழும் எதிரொலிகள் செக்கனுக்கு 560 அதிர்வு என்னும் ஒரே இடத்தில் கூடி, மனிதக் குரலின் நடுவிலேயே ஒரு முனகலை உண்டாக்கும்.

இத்தகைய வீட்டுத் தச்சர்களுக்கு ஆசானாய் வாய்த்தவர் கில்பேட் பிரிக்ஸ். இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியில் துணி வாணிபத்தில் இருந்த அவர், 1932 இல் தம் வீட்டு நிலவறையில் முதல் ஒலிபெருக்கியைச் செய்து, வாவ்டேல் என்னும் தம் பள்ளத்தாக்கின் பெயரையே தொழிலுக்கும் சூட்டினார். 1948 இல் அவர் எழுதி வெளியிட்ட ஒலிபெருக்கி பற்றிய நூல், கடினமான கணிதமின்றி எவரும் விளங்கிக்கொள்ளக் கூடியதாய் இருந்தது. பேழை பாடலாகாது என்பதில் அவர் மிகப் பிடிவாதமுடையவர். செங்கல்லால் அறைமூலையிற் பேழை கட்டினார். இரண்டு பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பி அதிர்வை அடக்கினார். 1954 இல் இலண்டன் ரோயல் பெஸ்டிவல் மண்டபத்தில், இசைக்கலைஞர் நேரே வாசிப்பதையும் அவ்வாசிப்பின் பதிவையும் மாறிமாறிச் சபையோருக்குக் கேட்பித்து, ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தார். செங்கற் பேழை நன்றாகத்தான் ஒலித்தது. ஆனால் வீடு மாறும்போது அதனைத் தூக்கிச் செல்வது எவ்வாறு?

அதே 1954 இல் இடத்தின் சிக்கலை வேறு முனையிலிருந்து அவிழ்த்தவர் எட்கார் வில்ச்சர். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீட்டல் பற்றிக் கற்பித்துவந்த அவர், கூம்பை இறுகப் பிடித்துத் திரும்ப இழுக்கும் விளிம்பிலேயே குற்றம் இருப்பதைக் கண்டார். துணியும் காகிதமும் சீரான வில்லாகத் தொழிற்படுவதில்லை. காற்றோ சீரான வில். ஆகவே கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சிறிய பேழையைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், உள்ளே அடைபட்ட காற்றே கூம்பைத் திரும்பத் தள்ளும் வில்லாகிவிடும். முதல் மாதிரிக்கு விளிம்பாய் அமைந்தது மெத்தை உறைத் துணி. அதற்கு வடிவம் வரைந்து கொடுத்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி. மாணவராயிருந்த ஹென்றி குளொஸ் என்பவருடன் கூடி வில்ச்சர் நிறுவிய தொழிலகம் செய்த முதற் பேழை 25 அங்குல நீளமும், 14 அங்குல அகலமும், பதினொன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஆழமும் உடையது. புத்தகத் தட்டில் வைக்கக்கூடிய இப்பெட்டி, அலுமாரி போன்ற பேழைகளுக்கு நிகரான மந்தர ஒலியைத் தந்தது.

இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. இச்சிறு பேழை அதே உரப்புடன் ஒலிக்க முன்னையவற்றினும் பன்மடங்கு மின்வலு வேண்டியிருந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெளிவாக வகுத்துக் கூறியவர், குளொசுடன் 1957 இல் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கிய அன்ரன் ஹொப்மன். சிறிய பேழை, ஆழ்ந்த மந்தரம், குறைந்த மின்வலு ஆகிய மூன்றில் இரண்டைத் தெரிந்து கொள்ளலாம். மூன்றையும் பெறுதல் முடியாது. இதனை ஹொப்மனின் இரும்பு விதி என வழங்குவர். செக்கனுக்கு 80 அதிர்விலிருந்து ஒலிக்கும் பேழை ஒன்று, அதே சிக்கனத்தோடு ஒரு ஸ்தாயி இறங்கி 40 அதிர்விலிருந்து ஒலிக்க வேண்டுமாயின் எட்டு மடங்கு பெரிதாதல் வேண்டும். பெரிதாகாமல் இறங்க வேண்டுமாயின் எட்டு மடங்கு மின்வலு வேண்டும். இடத்தை மிச்சம் பிடித்தவன் மின்னால் அதற்கு விலை கொடுத்தே தீருவான்.

1958 இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்தன. ஒரு பேழைக்கே இடமில்லாத வீட்டில் இப்போது இரண்டு பேழைகள் வேண்டியிருந்தன. இரண்டும் ஒரே சுவர் ஓரமாகத் தக்க இடைவெளியில் நிற்றலும் வேண்டும். மூலைக்கொம்பின் பொற்காலம் அத்துடன் முடிந்தது. சிறு பேழையின் காலம் தொடங்கியது.

எஞ்சியிருந்தது கணக்கு. அக்கணக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நெவில் தீல் என்னும் பொறியியலாளர் 1961 இல் அந்நாட்டு வானொலிப் பொறியியலாளர் சங்கத்தின் ஏட்டில் துவாரப் பேழைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒலிபெருக்கியின் சில இயல்புகளை அளந்தறிந்தால், அதற்கேற்ற பேழையின் கொள்ளளவையும் துவாரத்தின் சுரத்தையும் மரத்தில் வாள் படுமுன்னரே கணித்துவிடலாம் என்பது அதன் சாரம். தொலைவிலுள்ள ஒரு நாட்டின் ஏட்டில் வந்ததாலோ என்னவோ, உலகம் அதனைப் பரவலாக அறியப் பத்தாண்டுகள் சென்றன. 1971 இல் அமெரிக்க ஏடொன்று அதனை மறுபதிப்புச் செய்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சட் சுமோல் அடுத்த இரண்டாண்டுகளில் அம்முறையை விரித்து முழுமையாக்கினார். இன்று ஒலிபெருக்கியுடன் தரப்படும் குறிப்புத்தாளில் தீல்-சுமோல் அளவைகள் இடம்பெறுகின்றன. பானையின் ஒற்றைச் சுரத்துக்கு அஞ்சி மரத்தை வீணாக்கிய காலம் அவற்றால் நீங்கியது.

வானொலி நிலையங்களும் இவ்விடச் சிக்கலுக்கு விலக்கல்ல. வெளிக்கள ஒலிபரப்புக்குச் செல்லும் வண்டியின் நெருக்கடியான உட்புறத்தில், பேச்சின் தரத்தைக் கேட்டறிய பீ.பீ.சி.யினர் 1970 களில் ஒரு சிறு பேழையை அமைத்தனர். ஏறத்தாழ ஓரடி உயரமும் ஏழரை அங்குல அகலமுமே அதன் அளவு. பிரிக்ஸ் செங்கல்லாற் சாதித்ததை அவர்கள் மெல்லிய பலகையாற் சாதித்தனர். பலகையின் உட்புறத்தில் தார் கலந்த கனத்த தகடுகளை ஒட்டி அதிர்வை அடக்கினர். இரும்பு விதி அங்கும் விலகவில்லை. அப்பெட்டியில் ஆழ்ந்த மந்தரம் இல்லை. மனிதக் குரல் மட்டும் மனிதக் குரலாகவே ஒலித்தது. வண்டிக்குள் வேண்டியது அதுவே.

வீட்டிற் பேழை செய்ய முனைவோருக்கு இவ்வரலாறு தரும் பாடம் எளியது. பலகையை அளக்குமுன் அறையை அளத்தல் வேண்டும். எவ்வளவு இடம் தர இயலும், எவ்வளவு மின்வலு உண்டு, எந்த இசையைக் கேட்க விருப்பம் என்னும் மூன்றையும் முதலில் தீர்மானித்தல் வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேரும் என்பதை மனமார ஏற்றுக்கொண்டவன், சிறிய அறையிலும் நல்லிசை கேட்பான்.