மழைக் கணக்கும் வரைபடமும்

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்திலுள்ள பெக்கோக், இரயில் பாதையையும் இரப்பர்த் தோட்டங்களையும் ஒட்டி வளர்ந்த ஊர். அங்குப் பால்மரம் வெட்டிப் பிழைத்த நம்மவர்க்கு மழை என்பது கூலிக் கணக்கு. விடியலில் மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை.

ஒரு திங்களில் 100 மில்லிமீட்டர் மழை என்று ஏட்டில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். பத்து விடியல்களில் பத்துப் பத்தாகப் பெய்தாலும் 100. ஒரே இரவில் கொட்டினாலும் 100. முன்னது பத்து நாள் கூலியைக் கெடுக்கும்; பின்னது ஆற்றைக் கரைபுரளச் செய்யலாம். 2006 டிசம்பரில் சிகாமட் வட்டாரத்தை மூழ்கடித்த வெள்ளம் சில நாட்களில் கொட்டிய மழையால் வந்ததே. கூட்டுத்தொகை மறைக்கும் இவ்வேறுபாட்டை இரண்டு படங்கள் வெளிப்படுத்தும். எந்நாளில் எவ்வளவு என்று கோடிழுத்துக் காட்டுவது காலத்தொடர் வரைபடம். இன்ன அளவு மழை எத்தனை நாள் பெய்தது என்று எண்ணிக் கட்டங்களாக நிறுத்துவது நிகழ்வுச் செவ்வகம்.

வாணிகக் கணக்கைக் காலக் கோடுகளாக வரைந்து 1786இல் நூல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்தினரான வில்லியம் பிளேபேர். நிகழ்வுச் செவ்வகத்திற்கு 'ஹிஸ்டோகிராம்' என்று பெயரிட்டவர் கார்ல் பியர்சன். அது 19ஆம் நூற்றாண்டின் இறுதி.

பல்லாண்டுக் கணக்கின் பயனுக்கு ஒரிசா சான்று. 1926இல் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்துக என்றனர் பொறியாளர். மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபதாண்டுக் கணக்கை ஆராய்ந்து, படுகை உயரவில்லை என்று காட்டினார். மேற்பகுதியில் அணை கட்டுவதே தக்கது என்றார்.

அன்று பலர் பன்னாள் உழைத்துச் செய்த வேலையை இன்று கணிப்பொறி நொடியில் செய்கிறது. 1986இல் தாமஸ் வில்லியம்சும் கோலின் கெல்லியும் வெளியிட்ட 'க்னூபிளாட்' என்னும் நிரல், எழுத்தால் இடும் கட்டளைக்குப் படம் வரைவது. ஒரு பத்தியில் நாள், மறு பத்தியில் மழை எழுதிய கோப்பு போதும். முதற்பத்தி நாள் என்பதை முதலில் அறிவிக்க வேண்டும். கட்டத்தின் அகலத்தையும் நாமே குறிக்க வேண்டும்; மிக அகன்றால் தூறலும் பெருமழையும் ஒரே கட்டத்தில் கலந்துவிடும். கட்டளைகளைச் சேமித்து வைத்தால், அடுத்த திங்களின் கணக்குக்கும் அவையே உதவும்; பிறரும் சரிபார்க்கலாம்.

பள்ளியில் மழைமானி வைத்திருக்கும் ஆசிரியர் ஒன்றை மாணவர்க்கு வற்புறுத்தல் வேண்டும். அளக்கத் தவறிய நாளில் சுழியம் எழுதலாகாது. இடத்தை வெறுமையாக விடுக. சுழியம் எழுதினால், மழை பெய்த நாளும் படத்தில் வறண்ட நாளாகிவிடும். அப்பொய்யை எந்த நிரலும் கண்டுபிடிக்காது.