தோட்டத்துக்கு ஒரு வாரியம் - கூரம் முதல் மொட்டை மாடி வரை

காஞ்சிபுரம் என்றதும் பட்டுச்சேலையும் கோயில் கோபுரமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். காஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் கூரத்தைக் கேட்டால், வைணவர்கள் "கூரத்தாழ்வான் பிறந்த ஊர்" என்பார்கள். சிற்பம் தெரிந்தவர்கள் அங்கே கிடைத்த பல்லவர் கால நடராசர் செப்புத் திருமேனியைச் சொல்வார்கள் (இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது). தோட்டம் போடுகிறவர்களுக்கும் அந்த ஊரில் ஒரு செய்தி இருக்கிறது. அது செப்பேட்டில் இருக்கிறது!

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன், கூரத்தில் எழுந்த சிவன் கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான். அந்தத் தானப் பத்திரம்தான் கூரம் செப்பேடு. 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் ஹுல்ட்ஷ் இதை அச்சேற்றினார். வழக்கம்போல முதலில் வடமொழியில் அரச பரம்பரைப் பெருமை, சாளுக்கியனை விரட்டிய கதை எல்லாம் வருகிறது. அதைத் தாண்டித் தமிழ்ப் பகுதிக்கு வந்தால் விஷயம் தலைகீழ். குழிக்கணக்கு, ஏரி, கால்வாய் என்று ஒரே மண்ணும் தண்ணீரும்தான்.

பாலாற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்டப்படுகிறது. அதற்குப் பெரும்பிடுகு என்று பெயர். அது வந்து நிறைக்கும் ஏரிக்குப் பரமேசுவரத் தடாகம் என்று பெயர். ஊரின் விளைச்சல் உரிமை 25 பங்காகப் பிரிக்கப்படுகிறது. கோயில் பூசையையும் பழுது பார்ப்பதையும் கவனிக்கிறவர்களுக்கு 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு ஒரு பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு ஒரு பங்கு. மீதி 20 பங்கு வேதம் கற்ற 20 பேருக்கு. தண்ணீர் ஊற்றுகிறவருக்கும் பாரதம் படிக்கிறவருக்கும் சமமான பங்கு என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

என்ன பயிர் வைத்தார்கள் என்பதை விட, தண்ணீர் எங்கிருந்து வரும், யாருக்கு எவ்வளவு என்பதில்தான் செப்பேட்டின் அக்கறை முழுவதும் இருக்கிறது. "கம்யூனிட்டி கார்டன்" என்று இன்று ஆசையோடு ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் விதையைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். தண்ணீர்த் தகராறு இரண்டாவது மாதம் வருகிறது, கணக்குத் தகராறு மூன்றாவது மாதம். பல்லவ நாட்டு ஓலைக்காரர்கள் இந்த இரண்டையும் முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். (பல்லவர் ஆட்சி என்றால் எல்லாம் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டாம். குவளைப் பூ நடுவதற்குக் கூட வரி வாங்கிய ஆட்சி அது!)

கூரத்துக்குப் பிறகு சுமார் 240 ஆண்டு கழித்து, அதே காஞ்சி வட்டாரத்தில் உத்திரமேரூர். குடவோலை முறைக்காக இந்த ஊரைப் பள்ளிப் புத்தகத்தில் படிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-ல், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் இவை. "பழங்கால ஜனநாயகம்" என்று பாராட்டிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். ஓலை எழுதிக் குடத்தில் போட்டு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால்தான் சுவாரசியம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. குடும்புக்கு ஒருவராக 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு முழுவதும் ஊர்க் காரியம் பார்ப்பவர்கள். 6 பேர் ஏரி வாரியம். மீதி 12 பேர்? தோட்ட வாரியம்! ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால், தோட்டத்துக்கு என்றே தனியாக 12 உறுப்பினர்கள். ஏரியைப் பார்ப்பவர்களை விட இரண்டு மடங்கு. இன்னொன்று: சம்வத்சர வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது, ஏற்கனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து எடுக்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. தோட்டத்தையும் ஏரியையும் ஒழுங்காகப் பார்த்தவனுக்கு அப்புறம்தான் ஊரைப் பார்க்கும் வேலை.

தேர்தல் நடக்கும் விதமும் அழகு. சபை முழுதும் கூடியிருக்க, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார் ஒரு மூத்த நம்பி. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கையை மூடினால் ஓலை மாறிவிடும் என்ற பயம்! பதவி 360 நாள். கடந்த மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் ஒருபோதும் நிற்க முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும்தான்.

ஆனால் இதைக் கொண்டாடும் முன் யார் யார் ஓலை குடத்துக்குள் போகவே முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35-லிருந்து 70 வயது, வேதப் பயிற்சி... இத்தனையும் வேண்டும். (ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை உண்டு.) பெண்கள் இல்லை, நிலமற்றவர்கள் இல்லை. தோட்டத்துக்கு ஏற்றம் இறைத்தவர்களும் ஏரியில் தூர் வாரியவர்களும் வாரியத்தில் உட்காரவில்லை. மண்ணைத் தொட்டவன் ஒருவன், கணக்கு எழுதியவன் இன்னொருவன். விதிகள் அருமையானவை, ஆனால் ஒரு சிலருக்கானவை.

இங்கிருந்து ஒரே தாவாக 1914-க்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ் சென்னைக்கு வருகிறார். எடின்பரோவின் பழைய நகரத்தில், நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவே குப்பை கொட்டிக் கிடந்த காலி மனைகளை எல்லாம் கணக்கெடுத்து, அவற்றில் பலவற்றைத் தோட்டங்களாக மாற்றியவர் அவர். 1910-ல் திறந்த வெஸ்ட் போர்ட் தோட்டம் அப்படி வந்ததுதான். நகரங்களைப் பற்றிய பெரிய கண்காட்சியைக் கப்பலில் அனுப்பிவிட்டு அவர் இந்தியா வந்தார். கப்பலை வழியில் மூழ்கடித்தது யார் தெரியுமா? எம்டன்! அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டு, தமிழில் ஒரு வசைச்சொல்லாகவே தங்கிவிட்ட அதே ஜெர்மன் கப்பல்தான். நண்பர்கள் திரும்பவும் படங்களைச் சேகரித்துக் கொடுக்க, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

அப்படி வந்தவர் காஞ்சிபுரத்தைப் பார்த்து அசந்துபோனார். கோயில்களுக்காக மட்டும் இல்லை. அகலமான தேர் வீதிகள், வீடுகள், குளங்கள், மரங்கள் எல்லாம் சேர்ந்த ஊர் அமைப்புக்காக. இதற்கு ஈடாக எஞ்சியிருக்கும் வேறு நகரம் தனக்குத் தெரியவில்லை என்ற அளவுக்கு எழுதிவைத்தார். அந்தக் காலத்து ஆங்கிலேய சுகாதார அதிகாரிகள் கொசுவைக் காட்டிக் குளங்களை மூடச் சொன்னபோது, கூடாது என்று வாதாடியவரும் இவர்தான். தோட்டக்காரருக்குத் தண்ணீரின் அருமை தெரிந்திருந்தது.

கெடிஸ் பார்த்த அந்த ஒழுங்கெல்லாம் போர் வந்தபோது யாருக்கும் நினைவில்லை. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. தமிழ்நாட்டுக்கு அது பெரிய அடி. அரசு "அதிக உணவு உற்பத்தி" இயக்கத்தைத் தொடங்கியது. சுதந்திரம் வந்த பிறகும் அது தொடர்ந்தது. இயக்கம் ஏன் எதிர்பார்த்த பலன் தரவில்லை என்று ஆராய அமைத்த குழுவுக்குத் தலைவர், கரூர் பக்கம் வாங்கலில் பிறந்த வி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1952-ல் வந்த அறிக்கையின் சாரம் இதுதான்: உணவு உற்பத்தியை மட்டும் தனியாகப் பிடித்து இழுத்தால் வராது, ஊரின் மொத்த வாழ்க்கையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உத்திரமேரூர்க்காரர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்!

அதே போர்க்காலத்தில் பிரிட்டனில் 1943 வாக்கில் சுமார் 14 லட்சம் பாத்தி நிலங்களில் நகரவாசிகள் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டார்கள். போர் முடிந்ததும் ஆர்வம் சரிந்தது. ஆனாலும் பாத்திகள் முழுவதும் அழிந்து போகவில்லை, காரணம் சட்டம். 1908 சட்டப்படி ஊர்வாசிகள் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் உள்ளாட்சி அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். 1925 சட்டப்படி அதற்கென ஒதுக்கிய நிலத்தை அமைச்சர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நியூயார்க்கில் அப்படி ஒரு காப்பு இல்லை. 1970-களிலிருந்து மக்கள் குப்பை மேடுகளைத் திருத்திப் போட்ட தோட்டங்களில் 114-ஐ 1999-ல் மாநகராட்சி ஏலம் விடப் போனது. கடைசி நேரத்தில் இரண்டு அறக்கட்டளைகள் விலை கொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. இருபது வருடம் உழைத்தவர்களின் கையில் ஒரு துண்டு ஓலை கூட இல்லை.

தமிழக அரசு 2010-களில் கொண்டுவந்த மாடித்தோட்டத் திட்டத்தில் தென்னைநார்க் கழிவுக் கட்டி, வளர்ப்புப் பை, விதை எல்லாம் மானிய விலையில் கிடைத்தன. சென்னையிலும் கோவையிலும் வீட்டு மாடிகளில் கத்தரியும் வெண்டையும் காய்த்தன. நல்ல திட்டம், குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு வீட்டுக்கு ஒரு பை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி யாருடையது? கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும்போது செடிக்கு எத்தனை குடம்? காய்த்ததை யார் பறிப்பது, போன வருடம் உரம் வாங்கிய கணக்கு எங்கே? வளர்ப்புப் பையோடு வரும் குறிப்பில் இதற்கெல்லாம் இடமில்லை. கூரத்தில் அதைச் செம்பில் வெட்டினார்கள், உத்திரமேரூரில் கோயில் சுவரில் வெட்டினார்கள். உத்திரமேரூர் சுவரை இன்றும் போய்ப் பார்க்கலாம், தோட்டம் என்ற சொல் அங்கே அப்படியே இருக்கிறது.