இட்டிகைக்கல்லும் இலத்தீனும்

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூருக்கு வடக்கே, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கம், கிரேக்க, இலத்தீன் வேர்கொண்ட ஆங்கிலச் சொற்கள் இரண்டின் வரலாற்றோடு தொடர்புடைய ஊராகும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அவ்வாண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் இங்கு வந்து, குவார்ட்சைட் என்னும் கடினக் கல்லால் ஆன கைக்கோடரிகளைக் கண்டார். ஒரு முனை கூம்பி, மறுமுனை உள்ளங்கையில் அடங்குமளவு பருத்து, இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்ட இக்கருவிகளின் காலத்துக்கு இன்று வழங்கும் பெயர் அன்று ஆங்கிலத்தில் பிறந்திருக்கவில்லை.

1865இல் ஜான் லப்பக் என்னும் ஆங்கிலேய அறிஞர் கற்காலத்தை இரண்டாகப் பகுத்து, 'பழைய' எனப் பொருள்படும் 'பாலையோஸ்', 'கல்' எனப் பொருள்படும் 'லித்தோஸ்' ஆகிய கிரேக்கச் சொற்களை இணைத்துப் 'பேலியோலித்திக்' என்றும், 'புதிய' எனப் பொருள்படும் 'நியோஸ்' சேர்த்து 'நியோலித்திக்' என்றும் பெயரிட்டார். வேர் கிரேக்கமாயினும் பண்டைக் கிரேக்கர் எவரும் அறியாத சொற்கள் இவை. தமிழில் இவை பழைய கற்காலம், புதிய கற்காலம் என எளிதில் பெயர்ந்தன.

கருவிகள் கிடைத்த செந்நிறச் சரளைப் படிவைக் குறிக்க ஃபூட் கையாண்ட 'லேட்டரைட்' என்னும் சொல்லின் வரலாறோ இதனினும் சுவையானது. 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், மலபார்ப் பகுதிகளைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், மலபாரின் அங்காடிப்புறத்தில் ஒருவகைச் செம்பூராங்கல்லைக் கண்டார்; தோண்டும்போது இரும்புக் கருவியால் எளிதில் வெட்டத்தக்க மென்மையுடன் இருக்கும் அது, காற்றுப்பட்டதும் இறுகிவிடுவதால், மக்கள் அதனை அறுத்துச் சுவர் எழுப்பினர். இந்நாட்டு மொழிகள் சிலவற்றில் அது 'இட்டிகைக்கல்', அதாவது செங்கல் போன்ற கல், என வழங்குவதைக் குறித்துக்கொண்ட அவர், செங்கல்லைக் குறிக்கும் 'லேட்டர்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து புதுப்பெயர் ஆக்கி, 1807இல் வெளியான தம் பயண நூலில் பதிவுசெய்தார். ஆகவே லேட்டரைட்டை வெறும் இலத்தீன் சொல் எனக் கொள்வது பாதி உண்மையே. தென்னகத்து மக்கள் இட்ட பெயரே இலத்தீன் வழியாக உலக நிலவியலுக்குச் சென்றது.

தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி அதிரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இப்பகுதியின் கற்கருவிகளைப் பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் அகழ்வைப்பகத்தில் நேரில் காணலாம்.